இணையத்தில் மறைந்திருக்கும் உரிமை யாருக்கு? டார்க் வெப் குறித்து ஓர் அறிமுகம்

சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் முடிப்போர் 30 நாட்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதிவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் அது ஒட்டப்படும். கேரளப் பதிவுத்துறை ஒரு படி மேலே சென்று, அந்த அறிவிப்புகளைத் தன் இணையதளத்திலேயே வெளியிட்டு வந்தது. மதம் கடந்து மணக்கவிருந்த இணையரின் விவரங்களை அங்கிருந்து எடுத்து மதவெறிக் கும்பல்கள் சமூக ஊடகங்களில் பரப்பின. எதிர்ப்பு வலுத்த பிறகே, 2020 ஜூலையில் அந்தப் பதிவேற்றம் நிறுத்தப்பட்டது. சாதி கடந்து மணந்தவர்களை ஊர் ஊராகத் தேடிச்சென்று வெட்டும் தமிழ்நாட்டில் அத்தகைய பட்டியல் ஒன்று கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் நடந்தது அரசின் சொந்த இணையதளத்தில், பட்டப்பகலில். இணையக் குற்றம் என்றாலே டார்க் வெப் என்ற இருட்டறையை மட்டும் சுட்டிக்காட்டும் பொதுப்புத்தி இந்த வெளிச்சத்தைக் காண மறுக்கிறது. அந்த இருட்டறை உண்மையில் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

தேடுபொறியில் அகப்படாத பக்கங்கள் அனைத்தும் ஆழ்வலை எனப்படும். நம் மின்னஞ்சல் பெட்டியும் வங்கிக் கணக்குப் பக்கமும்கூட அதில் அடங்கும்; அதில் மர்மம் ஏதுமில்லை. டார்க் வெப் என்பது அதன் சிறு பகுதி. தனி மென்பொருள் இன்றி அதற்குள் நுழைய முடியாது. அவற்றுள் பெயர்பெற்றது டோர். 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் இதன் அடிப்படை உருவானது. 2002இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நாம் அனுப்பும் தகவல் வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக மறையாக்கம் செய்யப்பட்டு, பொதுவாக மூன்று கணினிகள் வழியே கடக்கிறது. முதல் கணினிக்கு அனுப்புநர் யாரென்று தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குச் சேருமிடம் தெரியும், அனுப்புநர் யாரென்று தெரியாது. உளவாளிகளுக்காகத் தோன்றிய இக்கருவியை இன்று இதழாளர்களும், தணிக்கை மிகுந்த நாடுகளின் மக்களும் பயன்படுத்துகின்றனர். பிபிசி 2019இல் தன் செய்தித்தளத்துக்கு டோர் வடிவம் ஒன்றையே தொடங்கியது.

போதைப்பொருள் வணிகர்களும் அதே கருவியைக் கையாண்டனர். 2011இல் தொடங்கிய சில்க் ரோடு சந்தையில் பிட்காயின் கொடுத்துப் போதைப்பொருள் வாங்க முடிந்தது. 2013 அக்டோபரில் அதன் நிறுவனர் ராஸ் உல்பிரிக்ட் சான்பிரான்சிஸ்கோ நகரின் பொது நூலகம் ஒன்றில் கைதானார். அவரை நோக்கிக் காவல்துறையை இட்டுச்சென்ற முக்கியத் தடயம், தொடக்கக் காலத்தில் பொதுவெளியில் அவரே விட்டுச்சென்ற சொந்த மின்னஞ்சல் முகவரி. 2017இல் ஹன்சா என்ற சந்தையைக் கைப்பற்றிய நெதர்லாந்துக் காவல்துறை, அதை உடனே மூடவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் இரகசியமாகத் தானே நடத்தி, வந்து சென்றோரின் விவரங்களைத் திரட்டியது. விசாரிக்கும் மனமிருந்தால் டோருக்குள் ஒளிந்தவரையும் பிடிக்க முடிகிறது.

இந்த இரண்டு கைதுகளையும் நாம் இங்கே எடுத்துச்சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தும் காணொளிகளும் பின்னூட்டங்களும் டார்க் வெப்பில் வெளியாவதில்லை. யூடியூப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவற்றிலேயே வெளிப்படையாக உலவுகின்றன. பல கணக்குகளின் முகப்பில் சாதிக்கொடியும் தலைவர் படமும் பெருமையோடு பறக்கின்றன. புகார் கொடுக்கச் செல்வோரிடம் மட்டும் "போலிக் கணக்கு, கண்டுபிடிக்க முடியாது" என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. டோர் பயன்படுத்தாத ஒருவரின் ஐ.பி. முகவரியும் பதிவுசெய்த கைபேசி எண்ணும் அந்நிறுவனங்களிடம் இருக்கின்றன. கேட்க வேண்டியது காவல்துறைதான்.

சட்டத்திலும் பெரிய ஓட்டை இல்லை. பட்டியல் சாதிகள், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகின்றன. இணையம் அத்தகைய இடமா என்ற கேள்விக்கு 2022 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் தெளிவான விடை தந்தது. பழங்குடிப் பெண் ஒருவரை யூடியூப் காணொளியில் இழிவுபடுத்தியவருக்கு முன்பிணை மறுத்த அந்நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லாவிடினும், அக்காணொளியை மக்கள் அணுகும் ஒவ்வொரு முறையும் அவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் எனக் கூறியது. 2017இல் தில்லி உயர்நீதிமன்றம் ஃபேஸ்புக் பதிவுகளும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும் என ஏற்றது. ஆயினும் குறிப்பிட்ட ஒருவரை நோக்காத பொதுவான வசை என்று சொல்லி அவ்வழக்கை ரத்துசெய்தது. ஒட்டுமொத்தச் சமூகத்தையும் பழிக்கும் பதிவுகளுக்கு எதிராகப் பகைமை வளர்ப்பதைத் தண்டிக்கும் 3(1)(யு) பிரிவை நாம் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

அப்படியானால் இணையத்தில் பெயர் மறைத்து எழுதுவதையே தடை செய்துவிடலாமே என்று நம் தோழர்கள் சிலரும் கேட்கின்றனர். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரும் மனு 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே வந்தது. ஆதார் இணைப்பை ஏற்க அந்நீதிமன்றம் தயங்கியது. செய்தியின் மூலத்தைத் தேடிக் கண்டறிவது பற்றியதாக வழக்கு விரிந்து, 2019 அக்டோபரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2022 ஏப்ரலில் வெளியான ஒன்றிய அரசின் உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் பயனர் விவரங்களை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. சில நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தம் வழங்கிகளையே அகற்றிக்கொண்டன.

இக்கோரிக்கையை நாம் ஏற்கவில்லை. வாடகை வீடு கிடைக்க, அலுவலகத்தில் நிம்மதியாகப் பணிபுரிய, விடுதியில் உண்ண, சாதியை வெளியில் சொல்லாமல் வாழும் தலித்துகள் ஏராளம். தன் கல்லூரியில் நடக்கும் சாதியப் பாகுபாட்டை எழுதும் முதல் தலைமுறை மாணவி, மதிப்பெண் போடும் பேராசிரியருக்குத் தன் பெயரையும் சொல்லிக்கொண்டு எழுத முடியாது. அவளுக்குப் புனைபெயர் ஒரு கவசம். சாதிவெறியருக்கு அக்கவசம் பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை; ஊரும் காவல் நிலையமும் தம் பக்கம் என அவருக்குத் தெரியும். அடையாளத்தைக் கட்டாயமாக்கினால் முதலில் வாயடைக்கப்படுவது அந்த மாணவிதான்.

நம் அடையாளம் ஏற்கெனவே சந்தைக்கு வந்துவிட்டது என்பது வேறு கதை. 81.5 கோடி இந்தியர்களின் ஆதார், கடவுச்சீட்டு விவரங்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதாக 2023 அக்டோபரில் ரீசெக்யூரிட்டி என்ற அமெரிக்க நிறுவனம் அறிவித்தது. கேட்கப்பட்ட விலை 80,000 டாலர். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஒரு பைசாகூடத் தேறாது. அரசின் ஒவ்வோர் உதவிக்கும் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டியவர்கள் நம் மாணவர்கள். கல்வி உதவித்தொகை வந்திருப்பதாகப் பெற்றோரை அழைத்துப் பணம் பறிக்கும் மோசடி குறித்துத் தமிழ்நாடு காவல்துறையே எச்சரித்திருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' விடும்படி மாணவர்களை அணுகுவோரும் உள்ளனர். மோசடிப் பணம் அதில் வந்து சென்றால் வழக்கு கணக்கின் உரிமையாளர்மீதுதான் முதலில் பாயும். கணக்கு முடக்கப்பட்டால் அதில் வரவேண்டிய உதவித்தொகையும் நின்றுபோகும்.

களப்பணியாளர்களுக்கான ஆபத்து வேறு வகையானது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் வழியே ஆவணங்கள் திணிக்கப்பட்டிருந்ததாக, அவர் தரப்பு வழக்கறிஞர்கள் நாடிய ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில் கூறியது. தலித்துகளுக்காகவும் ஆதிவாசிகளுக்காகவும் வாதாடிய நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங்கின் கணினி குறித்தும் அந்நிறுவனம் இதையே சொன்னது. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. நெட்வயர் டார்க் வெப் சரக்கும் அல்ல. சாதாரண இணையதளம் ஒன்றில் பல ஆண்டுகள் வெளிப்படையாக விற்கப்பட்டது. 2023 மார்ச்சில்தான் அமெரிக்க அதிகாரிகள் அத்தளத்தைக் கைப்பற்றினர். மின்னஞ்சலில் வந்த ஓர் இணைப்பைத் திறந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது. வன்கொடுமை வழக்குகளின் சாட்சிகளுடைய பெயர்களும் முகவரிகளும் நம் கைபேசிகளில் கிடக்கின்றன என்பதை இங்கே நினைவுகூர்வோம்.

இணையத்தில் சாதிய வசைக்கு ஆளானோர் திரைப்பிடிப்பு எடுத்ததும் பதிவை நீக்கக் கோருவது வழக்கமாக உள்ளது. அதற்கு முன் பதிவின் முழு முகவரி, கணக்கின் முகவரி, நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் அளிக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழும் தேவை. பணமோசடி எனில் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம். சாதிய வசை எனில் நேரடியாக எழுத்துப் புகார் அளிப்பதே நல்லது. முதல் தகவல் அறிக்கையில் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவுகள் மட்டும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியான நிவாரணமும் துணைக் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியின் விசாரணையும் கிடைக்காது. 2018 திருத்தத்துக்குப் பின் இச்சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை. குற்றவாளி தன் கணக்கை அழித்துவிட்டாலும், 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி அவருடைய பதிவு விவரங்களை அந்நிறுவனம் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். காவல் நிலையத்தின் இழுத்தடிப்பில் கரைவது அந்த 180 நாட்கள்தான். ஆகவே புகாரிலேயே அவ்விவரங்களைக் கோரிப் பெறும்படி எழுதி, ஒப்புகை வாங்கி, நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவைக்க வேண்டும்.