மெட்டல் டிடெக்டர்: கண்டுபிடித்தவர்களும் துடைத்து வைத்தவர்களும்

பெரிய கோயில், ரயில் நிலையம், அரசு அலுவலகம் என்று எங்கே போனாலும் இப்போது வாசலில் ஒரு சட்டம் நிற்கிறது. உள்ளே நுழைந்தால் 'பீப்' என்கிறது. பக்கத்தில் நிற்கும் காவலர் கையில் ஒரு கரண்டி மாதிரியான கருவியை வைத்துக்கொண்டு நம்மைத் தடவிப் பார்க்கிறார். நாமும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். இந்தக் கருவிக்குப் பின்னால் 140 வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதை ஒழுங்காகத் துடைத்துப் பராமரிப்பதில் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன என்பதும் அந்தக் கதையில் ஒரு பகுதி.

1881 ஜூலை 2. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டுவிட்டான். ஒரு குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே இல்லாத காலம். குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. அப்போது உதவிக்கு வந்தவர் டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல். கம்பிச் சுருள்களையும் டெலிபோனின் காதுக்குழாயையும் இணைத்து ஒரு கருவி செய்தார். பக்கத்தில் உலோகம் இருந்தால் காதுக்குழாயில் சத்தம் கேட்கும். பழைய உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த சிப்பாய்களிடம் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது.

ஆனால் ஜனாதிபதியிடம் பலிக்கவில்லை. அவர் படுத்திருந்த மெத்தைக்குள் இரும்புச் சுருள்கள் இருந்தன. போதாக்குறைக்கு, தலைமை டாக்டர் வலது பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டோ இடது பக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி கார்ஃபீல்ட் இறந்துபோனார். கருவி நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றியுள்ளதும் சரியாக இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு, ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர் என்ற பொறியாளர், விமானங்களுக்கு வழிகாட்டும் ரேடியோ கருவி தயாரித்துக்கொண்டிருந்தார். உலோகமோ உலோகத் தாதுவோ பக்கத்தில் இருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டுவதைக் கவனித்தார். அந்தத் தப்பையே பயன்படுத்திக்கொண்டு, கையில் தூக்கிச் செல்லும் டிடெக்டரைச் செய்து, 1937-இல் காப்புரிமையும் பெற்றார்.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, தன் நாடு வீழ்ந்த பின் ஸ்காட்லாந்தில் இருந்தார். 1941-இல் கண்ணிவெடியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை அங்கே வடிவமைத்தார். நீளக் கம்பின் முனையில் இரண்டு சுருள்கள், முதுகில் ஒரு பெட்டி, காதில் ஹெட்போன். எடை 14 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதற்கு அவர் காப்புரிமை எதுவும் கேட்கவில்லை, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார். அவருக்குக் கிடைத்தது மன்னரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம்.

1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் போரில் இந்தக் கருவிகள் சுமார் 500 பயன்பட்டன. ஜெர்மானியத் தளபதி ரோமெல் பாலைவனத்தில் லட்சக்கணக்கான கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தார். துப்பாக்கிக் கத்தியால் மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே போனால் மணிக்கு 100 சதுர மீட்டர் துப்புரவு செய்யலாம். இந்தக் கருவி வந்ததும் அது 200 சதுர மீட்டர் ஆனது.

இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் அதைப் பராமரிப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியும். இரண்டு சுருள்களையும் தராசுத் தட்டுகள் போலச் சமன் செய்து வைத்திருப்பார்கள். உலோகம் அருகில் வந்தால் சமநிலை கெட்டு, காதில் சத்தம் மாறும். சுருளின் உறைக்குள் ஈரம் புகுந்தாலும், வயர் இணைப்பு தளர்ந்தாலும் இதே சமநிலை கெடும். அப்போது ஒன்றுமில்லாத இடத்தில் கத்தும், அல்லது கத்த வேண்டிய இடத்தில் சும்மா இருக்கும். ஒன்றுமில்லாத இடத்தில் கத்தினால் நேரம்தான் போகும். கத்த வேண்டிய இடத்தில் சும்மா இருந்தால் ஆளே போய்விடுவான். ராணுவத்தில் எந்தச் சாமானையும் வேலை முடிந்த கையோடு துடைத்து, சரிபார்த்துப் பெட்டியில் வைத்த பிறகுதான் சாப்பாடு என்று சொல்வது இதனால்தான்.

நம்மூர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினரை ராணுவத்தில் 'தம்பி' என்றே செல்லமாக அழைப்பார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி வயலில் பாதை ஏற்படுத்தும்போது ஒரு வெடி தூண்டப்பட்டது. அது வெடிப்பதற்குள் இருந்தது சில விநாடிகள்தான். அவர் அதன் மேல் பாய்ந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. டிடெக்டரைப் பிடித்து நடப்பவர்களின் ஒவ்வொரு அடியும் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இது பழங்கதையும் அல்ல. இலங்கையின் வடக்கே, முகமாலைப் பகுதியில் போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. அதில் ஈடுபட்டவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தாங்குவதற்காக இந்த வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. இந்தத் தொழிலில் ஒரு கட்டாய விதி இருக்கிறது. வேலை தொடங்குமுன் டிடெக்டரை ஒரு சோதனைத் துண்டின் மேல் காட்டி, ஒழுங்காகச் சத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று நன்றாகத்தானே வேலை செய்தது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மேல்நாடுகளில் இதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொண்டவர்களும் நிறைய. 1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித் தரப் போன எரிக் லாஸ் என்ற ஓய்வுபெற்ற மனிதருக்கு ரோமானியர் காலப் புதையலே அகப்பட்டது. கிட்டத்தட்ட 15,000 காசுகள்! மேற்கொண்டு தோண்டாமல் உடனே அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நம் நாட்டில் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும்!

இந்தக் கருவியை எப்படித்தான் சுத்தம் செய்கிறார்கள்? ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். சுருளின் அடியில் இருக்கும் உறையைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மண்ணைத் தட்ட வேண்டும். கடற்கரையில் பயன்படுத்தியிருந்தால் சுருளையும் கம்பையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். மின்னணுப் பகுதி இருக்கும் பெட்டியை மட்டும் தண்ணீரில் முக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் கெட்டுவிடும். பிறகு நிழலில் காய வைத்து, முழுவதும் உலர்ந்த பின்பே பைக்குள் வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

இதில் பேட்டரி விஷயம் நம் தலைமுறைக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? மூன்று செல் டார்ச் லைட்டை பீரோவில் வைத்துவிட்டு, கரண்ட் போன ஒரு ராத்திரியில் எடுத்தால் எரியாது. மூடியைத் திருகினால் திருகவும் வராது. உள்ளே செல் ஊறி, வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். பழைய வகை செல்லின் வெளிக்கூடு துத்தநாகம். மின்சாரம் தரத் தர அந்தக் கூடே கரைந்து ஓட்டை விழும், உள்ளே இருக்கும் பசை கசிந்து வெளியே வரும். எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர் ஒன்றும் இப்படித்தான் வீணாய்ப் போனது. இப்போது வரும் அல்கலைன் செல்லும் கசியும். அது காரம், ஆகவே கையில் படாமல் பார்த்து, பஞ்சில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு சுத்தமான துணியால் உலர்த்தினால் முனைகள் மறுபடி மினுங்கும்.

உங்கள் குடியிருப்பு வாசலிலோ ஊர்க் கோயில் வாசலிலோ கையடக்க டிடெக்டர் வைத்திருந்தால், அந்தக் காவலரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ராத்திரி அதை ஈரமில்லாத இடத்தில் வைக்கட்டும். காலையில் வேலை ஆரம்பிக்கும்போது ஒரு சாவிக்கொத்தை அதன் முன்னால் காட்டி, சத்தம் வருகிறதா என்று பார்க்கட்டும்.