தாமஸ் கவுண்டி தாவர மாதிரிகள்

தாமஸ் கவுண்டி, ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒரு புல்வெளி மாவட்டம் ஆகும். 2020 கணக்கெடுப்பின்படி இங்கு 700 பேர்கூட இல்லை. இது சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரந்த மணற்குன்றுப் பகுதியைச் சேர்ந்தது. குன்றுகளைப் புல் மூடியிருக்கும். புல் அழிந்த இடத்தில் காற்று மணலைக் குடைந்து பள்ளமாக்கிவிடும்.

1893இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக இங்கு தாவரங்களைச் சேகரித்தவர் பேர் ஆக்செல் ரிட்பெர்க் (1860–1931). சுவீடனில் பிறந்த இவர், பொறியாளராகும் எண்ணத்துடன் மிச்சிகன் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தபோது காலில் அடிபட்டு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். பின்னர் வாஹூ என்ற ஊரில் கணித ஆசிரியரானார். கால் ஊனத்துடன் மணற்குன்றுகளில் அலைந்து செடி தேடியது எளிய செயலன்று. 1895இல் வெளியான இவரது அறிக்கை, அப்பகுதித் தாவரங்கள் பற்றிய அடிப்படை நூலாயிற்று.

பறித்த செடி வாடுமுன் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தப்படும். பிறகு அட்டையில் ஒட்டி, இடம், நாள், சேகரித்தவர் பெயர் எழுதிய சீட்டுடன் உலர்தாவரகத்தில், அதாவது ஹெர்பேரியத்தில், வைக்கப்படும். சீட்டு இல்லாத மாதிரி வெறும் காய்ந்த செடிதான். நூறாண்டு கழிந்தாலும் 'இந்த இடத்தில் இது இருந்தது' என்பதற்குச் சான்று அந்தச் சீட்டே.

அச்சான்றின் தேவையைக் காட்டுவது பென்ஸ்டெமன் ஹேடெனீ என்ற, வெளிர்நீலப் பூவும் நறுமணமும் கொண்ட செடி. 1891இல் அறிவியல் பெயர் பெற்ற இது நெப்ராஸ்காவின் மணற்பள்ளங்களில் வளர்வது. காட்டுத்தீ அடக்கப்பட்டு, மேய்ச்சலும் முறைப்படுத்தப்பட்டபோது புல் பரவிப் பள்ளங்கள் மூடின. பண்ணையாளர்களுக்கு அது நன்மை; இச்செடிக்கோ வாழிடமே போயிற்று. 1940 வாக்கில் அழிந்துவிட்டதாகவே கருதினர். அப்போது அது இருந்ததற்குச் சான்றாக எஞ்சியவை உலர்ந்த மாதிரிகளும் பழைய அறிக்கைகளுமே. 1968இல் நெப்ராஸ்காவில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1987இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நாற்றுகள் வளர்த்து மணற்பள்ளங்களில் நட்டு வருகின்றனர்.

தாமஸ் கவுண்டியின் நிலமும் முன்போல் இல்லை. தாவரவியலாளர் சார்லஸ் பெஸ்ஸியின் தூண்டுதலால் 1902இல் ஹால்சி அருகே மர நாற்றங்கால் தொடங்கப்பட்டு, புல்வெளியின் ஒரு பகுதி ஊசியிலைக் காடாக மாற்றப்பட்டது. அதற்கு முன் அங்கு என்னென்ன வளர்ந்தன என்பதற்கு 1893 மாதிரிகளையே பார்க்க வேண்டியிருக்கிறது.