நைல் நதி: ஹபஷாவின் மழை, மிஸ்ரின் உணவு

நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறுகளில் இரண்டு நாடுகளின் பெயர் அடிக்கடி வரும். ஒன்று மிஸ்ர் என்னும் எகிப்து. நபி யூசுஃப் (அலை), நபி மூஸா (அலை) ஆகியோர் வாழ்ந்த மண். மற்றொன்று ஹபஷா, மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் தந்த நாடு. இன்றைய எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் அந்த நிலப்பகுதியில் அமைந்தவை.

இவ்விரு நாடுகளையும் ஓர் ஆறு பிணைக்கிறது. ஹபஷாவின் மலைகளில் பெய்யும் மழைதான் மிஸ்ரின் வயல்களுக்கும் குடிநீர்க் குழாய்களுக்கும் வந்து சேர்கிறது. நைல் அணை பற்றி இன்று வரும் செய்திகளை விளங்கிக்கொள்ள, முதலில் அந்த ஆறு ஓடும் நிலத்தை அறிய வேண்டும்.

இரண்டு நைல்கள்

நைலின் நீளம் ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர். 11 நாடுகளின் நிலத்தில் பெய்யும் மழை அதில் வந்து சேர்கிறது. அது தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. ஆகவே வரைபடத்தில் பார்த்தால் கீழிருந்து மேலே ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் தெற்கே நிலம் உயரம், வடக்கே தாழ்வு. எகிப்தின் தென்பகுதியை ‘மேல் எகிப்து’ என்று அழைப்பதற்கும் இதுவே காரணம்.

இந்த ஆற்றுக்கு இரு பெரும் கிளைகள் உண்டு. வெள்ளை நைல் உகாண்டாவில் விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படுகிறது. தெற்கு சூடானை அடையும்போது அது சமதளத்தில் பரந்து, நாணலும் புல்லும் மண்டிய பெரும் சதுப்பு நிலமாகிவிடுகிறது. அதன் பெயர் ‘சுத்’. தடுப்பு என்று பொருள்படும் ‘சத்து’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பெயருக்கேற்பவே, அங்கு வந்து சேரும் நீரில் ஏறக்குறைய பாதி வெயிலில் ஆவியாகிப் போகிறது.

நீல நைல் எத்தியோப்பியாவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள தானா ஏரியிலிருந்து வருகிறது. எத்தியோப்பியர் அதை ‘அப்பாய்’ என்பர். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மலைநாட்டில் கனமழை. அந்த நாட்களில் ஆறு மலைமண்ணை வாரிக்கொண்டு பாய்ந்து வரும். சூடானின் தலைநகரான கார்த்தூமில் இரு நைல்களும் ஒன்றாகின்றன.

அதற்கு வடக்கே அத்பரா என்னும் ஆறு வந்து சேர்கிறது. அதுவும் எத்தியோப்பிய மலைநீரே. அதன் பிறகு கடல் வரையிலும் ஆண்டு முழுதும் நீரோடும் துணையாறு ஒன்றுகூட நைலில் சேர்வதில்லை. மீதி வழி முழுதும் பாலைவனம். மொத்தத்தில், எகிப்தை அடையும் நீரில் 100க்கு சுமார் 85 பங்கு எத்தியோப்பிய மலைகளில் பிறந்தது.

ஒரு கீற்று நிலத்தில் ஒரு நாடு

எகிப்தின் பரப்பு சுமார் 10 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 10 கோடிக்கு மேல். அவர்களில் 100க்கு சுமார் 95 பேர், நாட்டின் நிலத்தில் 20இல் ஒரு பங்கு மட்டுமேயான ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் வாழ்கின்றனர். கெய்ரோவில் ஆண்டு முழுதும் பெய்யும் மழையை விரற்கடையில் அளந்துவிடலாம். அங்கே விவசாயம் என்றால் நைல்தான், குடிநீரும் நைல்தான்.

அதனால்தான் முன்னோர் ஆற்றின் உயரத்தை அவ்வளவு கவனமாக அளந்தனர். கெய்ரோவின் ரவ்ழா தீவில் ‘மிக்யாஸ்’ என்னும் நீர்மட்ட அளவைக் கிணறு இன்றும் உள்ளது. அப்பாசிய கலீஃபா முதவக்கில் காலத்தில், ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) கட்டப்பட்டது. நடுவே நிற்கும் பளிங்குத் தூணில் முழக் கணக்கில் கோடுகள். சுற்றுச் சுவர்களில் மழையையும் விளைச்சலையும் பற்றிய இறைவசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நீர் 16 முழம் எட்டினால் நல்ல விளைச்சல், வரியும் முழுமையாக வசூலாகும். அதற்குக் குறைந்தால் பஞ்சம். மிதமிஞ்சி ஏறினால் ஊர்கள் மூழ்கும்.

கி.பி. 1200 முதல் 1202 வரை ஆறு பொய்த்தது. அப்போது கெய்ரோவில் இருந்த மருத்துவர் அப்துல் லதீஃப் அல்-பக்தாதி, மக்கள் பட்டினியால் செத்ததையும் ஊர்கள் காலியானதையும் நேரில் கண்டு எழுதி வைத்தார். எங்கோ தொலைவில், தாம் பார்த்தறியாத மலைகளில் மழை குறைந்ததற்கு எகிப்தின் உழவர்கள் தந்த விலை அது.

அஸ்வான் அணை

ஆண்டுதோறும் ஏறி இறங்கும் ஆற்றைக் கட்டுப்படுத்த, 1960இல் தொடங்கி 1970இல் எகிப்து அஸ்வான் பெரிய அணையைக் கட்டி முடித்தது. சோவியத் நாடு பணமும் பொறியாளரும் தந்து உதவியது. அணைக்குப் பின்னால் சுமார் 500 கிலோமீட்டர் நீள ஏரி உருவானது. பஞ்ச பயம் அகன்றது, மின்சாரம் வந்தது, ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் விளைந்தது.

இழப்பும் உண்டு. அந்த ஏரியில் நூபியா மக்களின் ஊர்கள் மூழ்கின. எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ 1 லட்சம் பேர், தம் பேரீச்சந் தோப்புகளையும் முன்னோர் கபுருகளையும் விட்டு வேறிடம் குடியேற வேண்டியதாயிற்று. ஹபஷாவிலிருந்து வந்து வயலை வளப்படுத்திய வண்டல் இப்போது அணைக்குள் தங்கிவிடுகிறது. வயலுக்கு ரசாயன உரம் வாங்க வேண்டியுள்ளது. புது மண் வராததால் கழிமுகக் கரையைக் கடல் அரிக்கிறது; நிலத்தில் உப்பு ஏறுகிறது.

இருவர் எழுதிய ஒப்பந்தம்

1959இல் எகிப்தும் சூடானும் நைல் நீரைப் பங்கிட்டன. எகிப்துக்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 1,960 டிஎம்சி. சூடானுக்கு 1,850 கோடி கன மீட்டர். நீரில் பெரும்பகுதியைத் தரும் எத்தியோப்பியா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அதற்கென ஒரு பங்கும் ஒதுக்கப்படவில்லை. இன்றைய சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது.

2011இல் எத்தியோப்பியா, சூடான் எல்லைக்கு அருகே நீல நைலில் ஒரு பேரணையைத் தொடங்கியது. கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். அதாவது எகிப்தின் ஓராண்டுப் பங்கைவிட அதிகம். மின் உற்பத்தித் திறன் 5,000 மெகாவாட்டுக்கு மேல். அந்நாட்டு மக்கள் கடன் பத்திரம் வாங்கியும் நன்கொடை தந்தும் கட்டிய அணை அது. 2020இல் நீர் தேக்கத் தொடங்கி, 2025 செப்டம்பரில் திறந்து வைத்தனர்.

இரு தரப்பின் நியாயம்

எத்தியோப்பியாவில் 12 கோடிக்கு மேல் மக்கள். கோடிக்கணக்கான வீடுகளில் இன்னும் மின்விளக்கு இல்லை. விறகுப் புகையில் தாய்மார்கள் சமைக்கின்றனர். தம் மண்ணில் பெய்யும் மழையால் தம் வீட்டில் விளக்கெரிய வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை.

மின்சாரத்துக்காகச் சுழலியில் விழும் நீர் மீண்டும் ஆற்றுக்கே வரும். அதனால் வழக்கமான ஆண்டுகளில் எகிப்துக்குப் பெரிய குறை நேராது. ஆனால் மழை பொய்த்து, வறட்சி பல ஆண்டுகள் தொடர்ந்தால் எவ்வளவு நீர் திறக்கப்படும்? இதற்குக் கட்டாய விதி ஒன்று வேண்டும் என்பது எகிப்தின் கோரிக்கை. வேறு ஆறு இல்லாத நாட்டின் அச்சம் அது. இடையில் இருக்கும் சூடானுக்கு லாபமும் அச்சமும் சேர்ந்தே உண்டு. வெள்ளம் தணியும், ஆனால் மேலே எப்போது மதகு திறக்கும் என்று முன்கூட்டித் தெரியாவிட்டால் கீழேயுள்ள அதன் அணைகளுக்கும் கரையோர ஊர்களுக்கும் ஆபத்து.

நபி யூசுஃப் (அலை) வரலாற்றில், செழிப்பான ஏழாண்டுகளிலேயே பஞ்சம் வரும் ஏழாண்டுகளுக்குத் தானியம் சேர்த்த செய்தியை நாம் அறிவோம். நைல் நாடுகளுக்கு இன்று தேவை அதே முன்யோசனைதான். மழை நன்கு பெய்யும் ஆண்டுகளிலேயே வறட்சிக்கான விதியை மூன்று நாடுகளும் அமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். நீர்மட்டக் கணக்கை நாள்தோறும் பகிர வேண்டும். அன்று கெய்ரோவின் மிக்யாஸ் ஒரு நகரத்துக்குக் கணக்குச் சொன்னது. இன்று அந்தக் கணக்கு அடிஸ் அபாபாவிலிருந்து கெய்ரோ வரை எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

வீட்டில் உலக வரைபடம் இருந்தால் பிள்ளைகளிடம் தானா ஏரியில் விரலை வைக்கச் சொல்லுங்கள். கார்த்தூம், அஸ்வான், கெய்ரோ என விரல் கடல் வரை செல்லட்டும். எந்த ஊரில் மழை பெய்கிறது, எந்த ஊரில் அது குடிநீராகிறது என்பது ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், நைல் பற்றிய செய்தி எதையும் ஒரு நாட்டின் பக்கம் மட்டும் நின்று அவர்கள் படிக்க மாட்டார்கள்.