திருத்த அவகாசம் (அமெரிக்கத் தரவுச் சட்டங்கள்)

தனிநபர் தரவுச் சட்டத்தை மீறிய நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரும் முன், தவறைச் சரிசெய்துகொள்ள அரசு தரும் கெடுவே திருத்த அவகாசம். அமெரிக்காவில் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தரவுச் சட்டம் நாடு முழுவதற்கும் இல்லாததால், இந்தக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. வர்ஜீனியா, யூட்டா, டெக்சாஸ் மாநிலங்களில் 30 நாள். அயோவாவில் தாராளமாக 90 நாள்.

எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு மாநில அட்டர்னி ஜெனரல் நோட்டீஸ் அனுப்புவார். கெடுவுக்குள் சரிசெய்து, இனி மீறமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வர்ஜீனியாவில் வழக்கு இல்லை. வாக்கு தவறினால் மீறல் ஒன்றுக்கு 7,500 டாலர் வரை அபராதம். டெக்சாஸில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. திருத்தியதற்கான ஆவணங்களும் வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலனும் பலவீனமும் கலிபோர்னியாவில் தெளிவாகத் தெரிந்தன. அங்கே 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 30 நாள் அவகாசம் தந்தது. நோட்டீஸ் பெற்ற நிறுவனங்களில் 75 சதவீதம் கெடுவுக்குள் திருத்திக்கொண்டதாக 2021 ஜூலையில் அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா அறிவித்தார். அழகுசாதன நிறுவனமான செஃபோரா அவற்றில் ஒன்றல்ல. அதன் இணையதளத்துக்கு வருபவர் எந்தக் கணினியிலிருந்து வருகிறார், எந்தக் கண்மையைக் கூடையில் போடுகிறார், கர்ப்பகால வைட்டமின் மாத்திரை வாங்குகிறாரா என்பதுவரை வெளி நிறுவனங்கள் கண்காணிக்க முடிந்தது. இது தரவு விற்பனைதான் என்றது அரசுத் தரப்பு. நோட்டீஸ் போயும் 30 நாளில் திருத்தவில்லை என்று வழக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் 12 லட்சம் டாலர் செலுத்தச் சமரசமானது.

பிடிபடும்வரை மீறலாம், பிடிபட்டால் திருத்தினால் போதும் என்ற நிலையை இந்த அவகாசம் உண்டாக்குகிறது என்பது எதிர்ப்பாளர் வாதம். அதில் நியாயம் உண்டு. கலிபோர்னியாவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய திருத்தச் சட்டம், 2023 ஜனவரி 1 முதல் கட்டாய அவகாசத்தை நீக்கியது. இன்று அங்கே அவகாசம் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பம்.

கொலராடோவும் கனெக்டிகட்டும் நடுவழியை எடுத்தன: தொடக்க காலத்துக்கு மட்டும் 60 நாள் கட்டாய அவகாசம், 2024 முடிவோடு அதற்கும் முற்றுப்புள்ளி. புதுச் சட்டத்தைப் படித்துப் பழகச் சிறு நிறுவனங்களுக்கும் நேரம் கிடைத்தது. அது நிரந்தரச் சலுகையாகவும் ஆகவில்லை. மூன்று வழிகளில் இதுவே பொருத்தமானது.

திருத்த முடியாத மீறலும் உண்டு. தரவு திருடுபோன பிறகு பாதுகாப்பைப் பலப்படுத்துவது, நடந்த திருட்டுக்குத் திருத்தமாகாது என்று கலிபோர்னியச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.