ஒய் என்ற ஓரெழுத்து

கெர்னல் எஸ்டி கார்டிலிருந்துதான் இறங்கி வந்தது. வந்த சில நொடிகளில், அதே எஸ்டி கார்டு எப்போது வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

என் மேசையில் இருந்தது உள்ளங்கையளவு பீகிள்போன் பிளாக் பலகை. 2013இல் வெளிவந்தது, 1 கிகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் சில்லு, 512 எம்பி நினைவகம். ரவுட்டர், டிக்கெட் இயந்திரம், ஆலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்ற எம்பெடட் கருவிகளின் வேலையைப் பழகிக்கொள்ள ஏற்ற பலகை. அதன் சீரியல் முனைகளிலிருந்து ஒரு கேபிள் என் மடிக்கணினிக்கு. மின்சாரம் கொடுத்ததும் வரிகள் மளமளவென்று ஓடின. கடைசியாக ஒரு வரி வந்தது: ‘வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’. காபி ஆறிப்போகும்வரை பார்த்திருந்தேன். அதற்குக் கீழே எதுவும் வரவில்லை.

அரை நாள் தேடியபின் அகப்பட்டது ஓர் எழுத்து. ‘ஒய்’ இருக்கவேண்டிய ஓர் இடத்தில் ‘எம்’ இருந்தது. எந்த இடம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த ஒய் எங்கே பிறக்கிறது, எப்படிக் கார்டு வரைக்கும் போய்ச் சேருகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம்.

லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் கோப்புறைக்குள் நுழைந்து ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று தட்டினால் ஒரு நீலத் திரை விரியும். உள்ளே ஆயிரக்கணக்கான கேள்விகள். இந்த வசதி வேண்டுமா, அந்த டிரைவர் வேண்டுமா? பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. ‘என்’ என்றால் வேண்டாம். ‘ஒய்’ என்றால் கெர்னலோடு சேர்த்தே கட்டிவிடு. ‘எம்’ என்றால் கட்டு, ஆனால் மாட்யூலாகத் தனிக் கோப்பில் வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்கிறேன். ஸ்பேஸ் விசையைத் தட்டத் தட்ட அடைப்புக்குறிக்குள் வெற்றிடமும் எம்மும் நட்சத்திரமும் மாறி மாறி வரும். அந்த நட்சத்திரம்தான் நம் ஒய். அதன் பிறந்த வீடு இதுதான்.

இந்த வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் திரையும் இல்லை, பட்டியலும் இல்லை; ஒரு ஷெல் நிரல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போகும், நாம் பதில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அந்த நிரலை முதலில் எழுதியவர் ரேமண்ட் சென். பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் நுணுக்கங்களை எழுதிப் புகழ்பெற்ற அதே சென்தான். லினக்ஸ் பிள்ளையின் தொட்டிலை ஆட்டியவர்களில் விண்டோஸ்காரரும் ஒருவர்! 2002இல் ரோமன் சிப்பல் எழுதிய கேகான்ஃபிக் முறை 2.5.45ஆம் பதிப்பில் சேர்ந்தது. இன்றுவரை நாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பது அந்த முறைக்குத்தான்.

கேகான்ஃபிக்கில் ஓர் எழுத்து தனியாக வாழ முடியாது. அதற்குக் குடும்பம் உண்டு. என் பலகையில் எஸ்டி கார்டைப் படிக்க எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். எஸ்டி, இஎம்எம்சி இரண்டுக்கும் பொதுவான எம்எம்சி அடுக்கு ஒன்று. ரஸ்ஸல் கிங் 2003-04இல் போட்ட அடித்தளம் அது. கார்டை டிஸ்க்காகக் காட்டும் பிளாக் டிரைவர் இரண்டு. சில்லில் கார்டோடு பேசும் மின்சுற்றை இயக்கும் ஹோஸ்ட் டிரைவர் மூன்று. கார்டிலுள்ள கோப்பு ஒழுங்கைப் புரிந்துகொள்ளும் எக்ஸ்ட்4 நான்கு. நான்கு இடத்திலும் ஒய் இருக்கவேண்டும்.

இவர்களுக்குள் ஒரு கணக்கு நடக்கிறது. கேகான்ஃபிக்கில் என்னுக்கு மதிப்பு 0, எம்முக்கு 1, ஒய்க்கு 2. ஒன்று இன்னொன்றைச் சார்ந்திருந்தால் இரண்டில் குறைந்த மதிப்பே செல்லும். எம்எம்சி அடுக்கு எம் ஆக இருந்தால், அதைச் சார்ந்த பிளாக் டிரைவர் எத்தனை தலைகீழாக நின்றாலும் ஒய் ஆக முடியாது. திரையில் செய்தால் நட்சத்திரமே விழாது, நாம் உஷாராகிவிடுவோம். ஆனால் கோப்பைத் திறந்து கையால் ஒய் என்று எழுதிவிட்டு, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ ஓடவிட்டால், அது சத்தமே போடாமல் நம் ஒய்யை எம் ஆக்கிவிட்டுப் போய்விடும். கையால் எழுதியவர் மறுபடி கோப்பைத் திறந்து பார்ப்பது அபூர்வம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் உறவு உண்டு: ‘செலக்ட்’. ஒரு கேள்விக்கு ஆம் என்றால், அது தனக்கு வேண்டியவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒய் ஆக்கிவிடும். யார் யாரை இழுத்து வந்தார்கள் என்று பட்டியலில் எளிதில் தெரியாது. இழுத்து வந்தவரை அனுப்பினால் உடன் வந்தவரும் போய்விடக்கூடும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையை மூடியதும் நம் எழுத்து ‘.கான்ஃபிக்’ என்ற கோப்பில் ஒரு வரியாகக் குடியேறுகிறது. அங்கிருந்து அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று ‘மேக்’ நிரல் படிப்பதற்கு. அதில் எழுத்து எழுத்தாகவே இருக்கும். மற்றது சி மொழி நிரல்கள் படிப்பதற்கு. அங்கே ஒய் 1 என்ற எண்ணாக மாறிவிடும்.

முதல் பிரதி செய்யும் வேலைதான் அழகு. ஒவ்வொரு மேக்ஃபைலிலும் ‘ஓபிஜே’ என்று எழுதி ஒரு சிறு கோடு போட்டு, அதன்பின் கான்ஃபிக் பெயரை எழுதியிருப்பார்கள். கட்டும்போது பெயர் இருந்த இடத்தில் நம் எழுத்து வந்து உட்காரும். ‘ஓபிஜே-ஒய்’ என்று ஆனால் அந்த டிரைவர் கெர்னல் உடலோடு சேரும் கூட்டத்துக்குப் போகும். ‘ஓபிஜே-எம்’ என்று ஆனால் மாட்யூல் கூட்டத்துக்குப் போகும். ‘என்’ என்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அப்படியொரு கூட்டத்தை யாரும் கட்டுவதில்லை. இஃப், எல்ஸ் எதுவும் கிடையாது. எழுத்தே பாதை.

ஒய்க்கும் எம்முக்கும் அடிப்படையில் ஒரே மூலநிரல், ஒரே கம்பைலர். அவை கடைசியில் குடியிருக்கும் இடம்தான் வேறு. ஒய் ஆனது கெர்னல் படிமத்தின் உள்ளே கலந்துவிடுகிறது. எம் ஆனது தனிக் கோப்பாக, ‘லிப் மாட்யூல்ஸ்’ கோப்புறையில் காத்திருக்கிறது. அந்தக் கோப்புறை இருப்பது எஸ்டி கார்டில். எஸ்டி கார்டைத் திறக்கும் டிரைவரை எம் ஆக்குவது, வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது.

டெபியன், உபுண்டு போன்றவை பெரும்பாலான டிரைவர்களை எம் ஆகவே வைத்திருக்கின்றனவே, அவை எப்படி எழுகின்றன? அவற்றுக்கு வாசலில் ஒரு திண்ணை உண்டு: இனிட்ராம்எஃப்எஸ். வேண்டிய மாட்யூல்களை ஒரு சிறு பொதியாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றிவிடுவார்கள். எந்தக் கணினியில் எழப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரியாதவர்களுக்கு அது தேவை. எம்பெடட் பலகையில் எது இருக்கிறது, எது இல்லை என்று நமக்கே தெரியும். திண்ணையைக் கட்டாமல் சாவியைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பலகைக்கு வருவோம். மின்சாரம் வந்ததும் சில்லுக்குள் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட ரோம் நிரல் கார்டிலிருந்து ஒரு சிறு நிரலை எடுக்கிறது. அந்தச் சிறு நிரல் யூ-பூட் என்ற பூட்லோடரை எடுக்கிறது. யூ-பூட் கெர்னலை எடுக்கிறது. மூவரும் ஒரே கார்டைத்தான் படிக்கிறார்கள். ஆளுக்கொரு சொந்த டிரைவர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் கற்றதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. யூ-பூட் கெர்னலிடம் ஒப்படைப்பது பலகையில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீ என்ற வரைபடத்தையும், ‘ரூட் இந்தப் பகிர்வில் இருக்கிறது’ என்ற ஒரு வரிக் கட்டளையையும்தான். கார்டைப் படிக்கும் வித்தை கெர்னலோடு கூடவே வந்திருக்கவேண்டும். தன்னைச் சுமந்து வந்த கார்டையே கெர்னல் அறியாமல் நின்றதன் மர்மம் இவ்வளவுதான்.

நம் ஒய் அதற்குள் படிமத்தில் வரிசை பிடித்து நிற்கிறது. உள்ளே கட்டப்பட்ட ஒவ்வொரு டிரைவரும் தன் தொடக்கச் செயலின் முகவரியை ஒரு பட்டியலில் விட்டுச் சென்றிருக்கும். பட்டியலில் 0 முதல் 7 வரை படிகள். எம்எம்சி அடுக்கு 4ஆம் படியில். சாதாரண டிரைவர்கள் 6ஆம் படியில். ஒரே படியில் நிற்பவர்களுக்குள் யார் முந்தி என்பதை, மேக்ஃபைலில் யார் பெயர் முன்னால் இருக்கிறது என்பதே முடிவு செய்யும். கெர்னல் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே போகிறது. ஹோஸ்ட் டிரைவர் எழுந்து வரைபடத்தைப் பார்க்கிறது; தன் பெயரோடு பொருந்தும் மின்சுற்று அங்கே இருப்பதைக் கண்டு, அதைக் கைக்கொள்ளப் போகிறது.

என் கெர்னல் சறுக்கியது இங்கேதான்.

கார்டுக்கு 3.3 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதைத் தருபவர் இன்னார் என்று வரைபடத்தில் எழுதியிருக்கிறது: ஒரு நிலையான ரெகுலேட்டர். அதற்கும் ஒரு டிரைவர் உண்டு. படிமத்தை இளைக்க வைக்கும் வேகத்தில், இந்தக் குடும்பச் சில்லுகளுக்கான ‘வழக்கமான அமைப்பு’ என்ற கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தேன். அதுதான் ரெகுலேட்டர் டிரைவரைச் செலக்ட் செய்து ஒய்யாக வைத்திருந்தது. அது போனதும் ரெகுலேட்டரை நானே எம் ஆக்கியிருந்தேன். ஹோஸ்ட் டிரைவர் மின்சாரம் கேட்டது. ரெகுலேட்டர் இன்னும் வரவில்லை என்று பதில். 2012இல் 3.4ஆம் பதிப்போடு கெர்னலுக்கு வந்த ஒரு நாகரிகம் இருக்கிறது: வேண்டியவர் வராவிட்டால் தோற்றுவிட்டேன் என்று சொல்லாமல், பிறகு கூப்பிடுங்கள் என்று ஒதுங்கிக்கொள்வது. அந்தப் பதிலுக்கு எண் 517. ஹோஸ்ட் டிரைவர் 517 சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றது. ரெகுலேட்டரோ கார்டுக்குள் கோப்பாக உறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோரேஜ் பக்கத்தில் நான்கு ஒய்யும் சரியாகவே இருந்தன. பூட்டு விழுந்தது பக்கத்து அறையில்.

இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனதற்குக் காரணம், பிழைச் செய்தி எதுவும் இல்லாததுதான். ‘ரூட்வெயிட்’ என்ற சொல்லைக் கட்டளை வரியில் கொடுத்திருந்தேன். கார்டு வரும்வரை காத்திரு என்று பொருள். அது இல்லாதிருந்தால் கெர்னல் உடனே கைவிரித்து, ‘ரூட்டை ஏற்ற முடியவில்லை’ என்று பேனிக் ஆகி, அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்களைக் காட்டியிருக்கும். பழகியவர்கள் அந்த எண்களையே முதலில் பார்ப்பார்கள். (0,0) என்றால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. டிரைவர் பக்கம் தேடு. (179,2) என்றால் 179 எம்எம்சியின் எண், 2 பகிர்வின் எண். டிஸ்க் கிடைத்துவிட்டது, அதிலுள்ள கோப்பு ஒழுங்குதான் புரியவில்லை, எக்ஸ்ட்4 ஒய்யா என்று பார். சாவி உள்ளே மாட்டிக்கொண்ட அறை எது என்று இந்த எண்களே சொல்லிவிடும்.

ரெகுலேட்டரை ஒய் ஆக்கி மறுபடி கட்டினேன். இந்த முறை பயணம் தடைபடவில்லை. மின்சாரம் வந்தது. ஹோஸ்ட் டிரைவர் கார்டோடு பேச்சைத் தொடங்கியது. அறிமுகப் பேச்சு 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல் மெதுவாகத்தான் நடக்கும். ‘தயாரா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். கார்டு தயாராக ஒரு நொடிவரைகூட எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ரூட்வெயிட் இல்லாமல் எஸ்டி கார்டை நம்பக் கூடாது. தயார் என்றதும் வேகம் கூடியது. பிளாக் டிரைவர் அதை டிஸ்க்காக அறிவித்தது. எக்ஸ்ட்4 முன்வந்து, பகிர்வின் 1024ஆம் பைட்டில் தொடங்கும் சூப்பர்பிளாக்கைப் படித்து, இஎஃப்53 என்ற அடையாள எண்ணைத் தேடியது. இருந்தது. கதவு திறந்தது. உள்ளேயிருந்து முதல் நிரலான இனிட் எழுந்து வந்தது.

அதற்குச் சற்று முன்பு சீரியல் திரையில் ஒரு வரி ஓடும்: பயன்படாத கெர்னல் நினைவகத்தை விடுவிக்கிறேன் என்று. டிரைவர்களின் தொடக்கச் செயல்களும், அந்த 0 முதல் 7 வரையான பட்டியலும் இருந்த இடம்தான் அப்படி விடுவிக்கப்படுகிறது. ஒரே ஒருமுறை அழைக்கப்படுவதற்காக அவ்வளவு தூரம் சுமந்து வரப்பட்டவை, வேலை முடிந்ததும் இடத்தைக் காலி செய்துவிடுகின்றன. டிரைவர் தொடர்ந்து உழைத்துக்கொண்டிருக்கும்.

நம் எழுத்தையும் அங்கேயே பார்க்கலாம். ‘ஐகேகான்ஃபிக்’ என்ற இன்னொரு கேள்விக்கும் அதன் ‘ப்ராக்’ கிளைக்கும் ஒய் சொல்லியிருந்தால், கெர்னல் தன் பதில்களையெல்லாம் சுருக்கித் தன் உடம்பிலேயே வைத்திருக்கும். அன்று பலகை எழுந்ததும் நான் முதலில் தட்டிய கட்டளை, ‘ப்ராக்’ கோப்புறையிலிருக்கும் அந்தச் சுருக்கக் கோப்பை விரிப்பதுதான். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே ரெகுலேட்டரின் வரி. கடைசியில் ஒய். காபி போடப் போனேன். இந்த முறை ஆறவில்லை.