குவோத்

குவோத்: வழக்கொழிந்த ஆங்கில வினைச்சொல். ‘சொன்னேன்’, ‘சொன்னான்’, ‘சொன்னாள்’ என இறந்தகாலத்தில், தன்மையிலும் படர்க்கையிலும் மட்டும் வரும். பெரும்பாலும் நேர்கூற்றை ஒட்டி, எழுவாய்க்கு முன்னால் நிற்கும்.

தொடக்கத்தில் இது இப்படிக் குறைபட்ட வினையாக இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘க்வெதன்’ எல்லாக் காலங்களுக்கும் வடிவம் கொண்ட முழு வினை. 4ஆம் நூற்றாண்டுக் கோதிக் விவிலியத்தில் இதன் இனச்சொல் காணப்படுகிறது. ஐஸ்லாந்து மொழியிலோ, பாட்டை ஓதுதல் என்ற பொருளில் இன்னும் வழங்குகிறது. ஆங்கிலத்தில் ‘ஸே’ என்னும் வினை இடத்தைப் பிடித்துக்கொள்ள, இறந்தகால வடிவம் ஒன்றே எஞ்சியது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சாசரிடம் இச்சொல் ‘குவொட்’ எனப் பக்கந்தோறும் வருகிறது. ஈற்றொலி மாறியது ஏன் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பன்மை வடிவத்தின் ஒலி ஒருமைக்குத் தாவியதாக ஒரு விளக்கம். அழுத்தமின்றி ஒலித்ததால் திரிந்ததாக மற்றொன்று.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இதிலிருந்து ‘குவோத்தா’ என்றொரு கிளை வடிவம் வழங்கியது. ‘சொன்னான் அவன்’ என்ற தொடர் தேய்ந்து உருவானது எனக் கொள்வர். பிறர் பேச்சைத் திருப்பிச் சொல்லி நையாண்டி செய்வதற்கே இது பயன்பட்டது; நம் ‘சொன்னானாம்!’ என்பதிலுள்ள ‘ஆம்’ செய்யும் அதே வேலை. ‘தி மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ட்சர்’ நாடகத்தில், எதற்கெடுத்தாலும் ‘ஹ்யூமர்’ என்று பிதற்றும் நிம்மின் பேச்சைப் பேஜ் இச்சொல்லால்தான் குத்திக்காட்டுகிறார். மூலச்சொல்லைவிடச் சுவையான இந்தக் கிளை நீடிக்காமற்போனது ஆங்கிலத்துக்கு இழப்பே.

பின்னர் குவோத் பேச்சிலிருந்து விலகிச் செய்யுள் வழக்காயிற்று. பழங்கதைப்பாடலின் சாயலுக்காகக் கோல்ரிட்ஜ் 1798இல் வெளியான தம் முதிய மாலுமிப் பாடலில் இதைக் கையாண்டார். 1845 ஜனவரியில் அச்சேறிய எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ கவிதையில், காகம் ஒற்றைச் சொல்லால் விடையளிக்கும் வரிகளில் இது மீண்டும் மீண்டும் வருகிறது. இன்று பலருக்கு இச்சொல் தெரிந்திருப்பது அக்கவிதையால்தான்.

தற்காலத்தில் வேடிக்கையாகவோ பழமை தோன்றவோ மட்டும் எழுதப்படுகிறது. மேற்கோள் காட்டுதலைக் குறிக்கும் ‘கோட்’ இதன் உறவன்று. அது லத்தீனிலிருந்து வந்தது. உயில்வழிச் சொத்தளிப்பதைக் குறிக்கும் ‘பிக்வீத்’ என்னும் சட்டச்சொல்லே இதே வேரிலிருந்து வந்து இன்றும் வழங்குவது.