ஓம் விதி

மாறாத வெப்பநிலையில் உள்ள ஓர் உலோகக் கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கிடையே நிலவும் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் அமையும் என்பது ஓம் விதி. கடத்தியின் குறுக்குவெட்டை ஒரு வினாடியில் கடக்கும் மின்னூட்டத்தின் அளவே மின்னோட்டம்; ஓரலகு மின்னூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசெல்லச் செய்யப்படும் வேலையே மின்னழுத்த வேறுபாடு. முன்னதால் பின்னதை வகுக்கக் கிடைப்பது மின்தடை. பள்ளி இயற்பியலில் மின்னோட்டவியல் கணக்குகளுள் பெரும்பாலானவை இவ்விதியிலிருந்தே கிளைப்பன.

விதியைக் கண்டறிந்த கியார்க் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த அவர், அங்கிருந்த கருவிகளைக் கொண்டே தம் சோதனைகளைத் தொடங்கினார். 1825இல் வோல்டா மின்கலத்தைப் பயன்படுத்திப் பெற்ற அளவீடுகளிலிருந்து அவர் வெளியிட்ட மடக்கைச் சமன்பாடு பிழையானது. சுற்றை மூடியவுடன் அக்கலத்தின் விசை தளர்ந்துகொண்டே போனதால் எந்த அளவும் நிலைத்து நிற்கவில்லை. ஆய்விதழ் ஆசிரியர் போகென்டோர்ஃபின் யோசனைப்படி, சீபெக் 1821இல் கண்டறிந்த வெப்பமின் விளைவின் பக்கம் ஓம் திரும்பினார். பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப மின்னிரட்டையின் ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தபோது விசை மாறாமல் நின்றது. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து, முறுக்கிழையில் தொங்கிய காந்த ஊசியின் விலக்கத்தைக் கொண்டு அவர் மின்னோட்டத்தை அளந்தார்.

1826இல் கிடைத்த முடிவு, இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் வடிவில் இல்லை. வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்த ஒரு மாறிலியை, சுற்றின் எஞ்சிய பகுதிக்குரிய மற்றொரு மாறிலியும் கம்பியின் நீளமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் காந்த விளைவின் வலிமை கிடைக்கும் என்றே அவர் எழுதினார். மின்னியக்கு விசையை அகமின்தடை, புறமின்தடை ஆகியவற்றின் கூடுதலால் வகுக்கும் பாடநூல் வாய்பாடு இதுவே. ஆகவே மின்கலத்தின் அகமின்தடையைப் பின்னொட்டாக அன்றி, விதியின் மூல வடிவமாகப் படிப்பதே முறை. வெப்பம் பரவுவது குறித்த ஃபூரியேயின் கொள்கையை அடியொற்றி ஓம் எழுதிய நூல் 1827இல் பெர்லினில் வெளிவந்தது. ஜெர்மானியக் கல்வியுலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. லண்டன் ராயல் கழகம் 1841இல் கோப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே அவருக்கு உரிய மதிப்பு கிடைத்தது. கேவண்டிஷ் 1781 அளவிலேயே இவ்வுறவை அறிந்திருந்தாலும் அதை வெளியிடவில்லை. அவருடைய குறிப்புகளை மாக்ஸ்வெல் 1879இல் பதிப்பித்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து மின்தடை காண்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும். அத்தகவு மாறிலியாக இருந்தால் மட்டுமே அக்கருவி ஓம் விதிக்கு உட்பட்டதாகும். மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றின் வரைபடம் தொடக்கப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடாக அமைவது இதன் அடையாளம். டையோடின் வரைபடம் வளைந்திருக்கும். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையோ சூடேறச் சூடேற மின்தடை கூடுவதால் நேர்கோட்டிலிருந்து விலகுகிறது. வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்னும் நிபந்தனையைத் தேர்வு விடைகளில் விட்டுவிடுவோர் விதியையே பாதியாக எழுதுகின்றனர்.

கடத்தியின் மின்தடை நீளத்துக்கு நேர்த்தகவிலும் குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்த்தகவிலும் இருக்கும். அவற்றை இணைக்கும் மாறிலியாகிய மின்தடை எண் பொருளின் தன்மையைப் பொறுத்தது. செம்புக்கு அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். கம்பியொன்றை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் கனஅளவு மாறாததால் பரப்பு பாதியாகி, மின்தடை நான்கு மடங்காகும். நீளம் மட்டுமே மாறியதாகக் கருதி இருமடங்கு என விடையளிப்பது வழக்கமான பிழை. தொடரிணைப்பில் மின்னோட்டமும் பக்க இணைப்பில் மின்னழுத்தமும் பொதுவாக இருப்பதை நினைவிற்கொண்டால் தொகுபயன் மின்தடைக்கான வாய்பாடுகளை வருவித்துக்கொள்ளலாம். பல கிளைகள் உள்ள சுற்றுகளுக்குக் கிர்க்காஃப் 1845இல் அளித்த இரு விதிகள் தேவைப்படும். அவற்றுள் சந்தி விதி மின்னூட்டம் அழியாமையையும், வளைய விதி ஆற்றல் அழியாமையையும் அடிப்படையாகக் கொண்டவை.

மின்தடையின் அலகு ஓம் எனப்படுகிறது. 1908இல் அது 106.3 செ.மீ. உயரப் பாதரசத் தம்பத்தின் மின்தடையாக வரையறுக்கப்பட்டது. இன்று குவாண்டம் ஹால் விளைவைக் கொண்டு நிறுவப்படுகிறது.